கலைடஸ்கோப்புப் போர்வைகளில் அளவொவ்வாக் கட்டங்கள்: ஒரு விமர்சன நோக்கு

1. முன்னுரை

துணித் துண்டுகளை இணைத்துப் போர்வை செய்யும் வழக்கம் உலகின் பல பாகங்களிலும் காணப்படுவதே. எனினும், அவ்வழக்கம் தனக்கெனப் பெயர்பெற்ற வடிவங்களையும், அவ்வடிவங்களுக்குரிய இலக்கணத்தையும், தன்னைப் பற்றிய ஒரு விமர்சன மரபையும் ஒருங்கே பெற்று வளர்ந்த இடங்களுள் ஐக்கிய அமெரிக்கா முதன்மையானது எனலாம். ஆங்கிலத்தில் குவில்ற் எனப்படும் இப்போர்வை மூன்று படைகளை உடையது. மேற்படை துண்டுகளால் இணைக்கப்படுவது. நடுவில் இருப்பது பஞ்சு. அடிப்படை பெரும்பாலும் முழுத்துணி. இம்மூன்றையும் ஊடுருவிச் செல்லும் தையல் அவற்றை ஒன்றாகப் பிணைக்கின்றது. இதனை இக்கட்டுரையில் ஒட்டுப்போர்வை என வழங்குவோம்.

ஒட்டுப்போர்வை வடிவங்களுள் கலைடஸ்கோப்பு என்னும் பெயருடையது தனிச் சிறப்பு வாய்ந்தது. நேர்கோடுகளால் மட்டுமே ஆக்கப்பட்ட பரப்பில் வட்டங்களைக் காணச்செய்வது அதன் இயல்பு. இம்மயக்கம் கட்டங்கள் யாவும் ஓரளவினவாக இருத்தலையே அடிப்படையாகக் கொண்டது என்பது பொதுவான கருத்து. அவ்வாறாயின், வெவ்வேறு அளவினவான கட்டங்களை ஒரே போர்வையில் இணைக்கும்போது நிகழ்வது யாது? வடிவம் சிதைகின்றதா, அன்றி வேறொரு வடிவம் தோன்றுகின்றதா? இவ்வினா தையல் நுட்பம் பற்றியதாக மட்டும் தோன்றலாம். ஆனால் இதற்கு விடைகாண முயலும்போது, கைவினை என ஒதுக்கப்பட்ட பெண்களின் ஆக்கங்களை எவ்வளவுகோல் கொண்டு மதிப்பிடுவது என்னும் பெருவினாவை நாம் எதிர்நோக்க வேண்டியுள்ளது. அளவொவ்வாக் கட்டங்கள் சந்திக்கும் விளிம்பே இப்பெருவினாவுக்கு விடை தேடத் தகுந்த இடம் என்பது எமது கருத்து.

2. கட்டமும் வட்டமும்

கலைடஸ்கோப்பு என்னும் கருவியை அமைத்தவர் ஸ்கொத்லாந்து பௌதிகவியலாளரான டேவிட் புறூஸ்ரர். ஒளியின் முனைவாக்கம் பற்றிய பரிசோதனைகளின்போது இதன் தத்துவத்தைக் கண்டுகொண்ட அவர், 1817 இல் அதற்குக் காப்புரிமை பெற்று, 1819 இல் அதைப்பற்றி ஒரு நூலும் எழுதினார். அழகு, உரு, காணல் எனப் பொருள்படும் மூன்று கிரேக்கச் சொற்களை இணைத்து அப்பெயரை ஆக்கியவரும் அவரே. குழாயினுள் இரு கண்ணாடிகள் 45 பாகை கோணத்தில் நிற்குமாயின், அவற்றின் இடையிலுள்ள துணுக்குகள் எட்டுக் கூறுகளாகப் பெருகித் தோன்றும். அவற்றுள் ஒன்றே மெய். ஏனைய ஏழும் பிம்பங்கள்.

போர்வைக் கட்டமும் எட்டுக் கூறுகளை உடையது. ஒரு சதுரத்தின் மையத்தில் எட்டு இருசமபக்க முக்கோணிகள் தத்தம் கூர்முனைகளால் சந்திக்கின்றன. இவற்றை ஆப்புகள் எனலாம். ஆப்பின் உச்சிக்கோணம் 45 பாகை. அடிக்கோணங்கள் ஒவ்வொன்றும் 67½ பாகை. எட்டும் சேர்ந்து ஓர் ஒழுங்கான எண்கோணியாகும். எண்கோணிக்கும் சதுரத்துக்கும் இடையே எஞ்சும் நான்கு மூலைகளையும் நான்கு செங்கோண முக்கோணிகள் நிரப்புகின்றன. ஆப்புகளுள் நான்கு சதுரத்தின் பக்கங்களை நோக்குவன. நான்கு மூலைகளை நோக்குவன. இவை ஒன்றுவிட்டொன்று ஒளியும் இருளுமாக அமைந்து, அடுத்த கட்டத்தில் அவ்வொழுங்கு தலைமாறி நிற்குமாயின், கண்ணானது கட்டத்தின் எல்லையை மறந்து ஒரு கட்டத்தின் ஆப்பை மற்றொன்றின் ஆப்போடு இயைத்துப் பார்க்கத் தொடங்குகின்றது. எங்கும் வளைகோடு இல்லாத பரப்பில் வளையங்கள் எழுகின்றன.

இங்கு நாம் மனங்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. அந்த வளையம் எந்த ஒரு கட்டத்தினுள்ளும் இல்லை. கட்டங்கள் சந்திக்கும் இடத்திலேயே அது பிறக்கின்றது. யாப்பிலே ஓசை தனிச்சீரில் முற்றுப்பெறாமல் சீரும் சீரும் தளைப்படும் இடத்தில் தோன்றுவது போன்றது இது. ஆகவே இணைப்பின் தன்மை மாறுமாயின் அழகின் ஊற்றே மாறிவிடும். அளவொவ்வாக் கட்டங்கள் எழுப்பும் பிரச்சினையின் உயிர்நிலை இதுவே.

3. அளவொப்பின் சமூக அடிப்படை

கட்டங்கள் ஓரளவினவாக இருத்தல் வேண்டும் என்னும் நியதி அழகியல் நோக்கில் மட்டும் பிறந்ததன்று. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் விரும்பப்பட்ட ஒட்டுப்போர்வைகள் பல, நடுவில் ஒரு பெரிய உருவையும் அதனைச் சூழ்ந்து அடுக்கடுக்கான சட்டங்களையும் கொண்டிருந்தன. ஒரே அளவான கட்டங்களை வரிசைப்படுத்தும் முறை அந்நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே அமெரிக்காவில் ஓங்கியது. ஆலைகளில் அச்சிடப்பட்ட பருத்தித்துணி மலிவாகக் கிடைத்தமையும், 1850களிலிருந்து தையற்பொறி வீடுகளுக்குப் பரவத் தொடங்கியமையும் இதற்கு உதவின. வேலைமுறையும் ஒரு காரணமாயிற்று. கட்டம் மடியில் வைத்துத் தைக்கத்தக்கது. சமையலுக்கும் பிள்ளைப் பராமரிப்புக்கும் இடையில் கிடைக்கும் சிறுபொழுதில் எடுத்து, வேண்டியபோது வைக்கத்தக்கது. பல பெண்கள் ஆளுக்கொன்றாகத் தைத்துச் சேர்க்கவும் கூடியது. 1840களில் போல்ற்றிமோர் நகரிற் சிறப்புற்ற தொகைப்போர்வைகள் இவ்வகையான கூட்டுழைப்பின் விளைவாக அமைந்தவை. கூட்டுழைப்புக்கு அளவொப்பு இன்றியமையாதது. ஒருத்தி தைத்தது மற்றொருத்தி தைத்ததோடு பொருந்த வேண்டுமன்றோ?

நமது யாப்பிலக்கணத்தில் அடிமறிமண்டில ஆசிரியப்பா என ஒன்று கூறப்படும். அதன் எவ்வடியை எவ்விடத்தில் வைத்தாலும் ஓசையும் பொருளும் கெடுவதில்லை. எல்லா அடிகளும் அளவொத்திருத்தலும் ஒவ்வோரடியும் தன்னளவில் முடிந்து நிற்றலும் அதற்குக் காரணமாகும். அளவொத்த கட்டங்களாலான போர்வையும் அத்தகையதே. கட்டங்களை இடம்மாற்றி வைத்துப் பார்க்கும் சுதந்திரம் தைப்பவளுக்கு உண்டு. அச்சுதந்திரத்தின் விலை, எக்கட்டமும் தன் இடத்துக்கென்றே ஆக்கப்பட்டதாக இராமையே.

பிற்காலத்தில் இந்நியதியைச் சந்தையும் வலியுறுத்தியது. அலபாமா மாநிலத்தில் 1966 இல் கறுப்பினப் பெண்கள் அமைத்த ஃபிரீடம் குவில்ற்றிங் பீ என்னும் கூட்டுறவின் வரலாறு இதற்குச் சான்றாகும். குடியுரிமைப் போராட்டக் காலத்தில் தோன்றிய அந்நிறுவனம் ஏழைக் குடும்பங்களுக்கு வருவாய் தேடித் தந்தது. ஆனால் நியூ யோர்க் நகரின் பெருங்கடைகள் ஒரே வடிவத்தில், ஒரே அளவில், ஒரே நிறத் தொகுதியில் போர்வைகளை வேண்டி நின்றன. அதன் அயலிலுள்ள ஜீஸ் பெண்ட் என்னும் குடியிருப்பின் பெண்களோ, தேய்ந்த வேலையுடைகளையும் எஞ்சிய துண்டுகளையும் கொண்டு, துண்டு தரும் அளவையே அளவாகக் கொண்டு, தத்தம் வீட்டுக்கென வேறுவகையான போர்வைகளைத் தைத்து வந்தனர். 2002 இல் ஹியூஸ்ரன் நுண்கலை நூதனசாலையிலும் நியூ யோர்க் விற்னி நூதனசாலையிலும் காட்சிப்படுத்தப்பட்டுப் பெரும்புகழ் பெற்றவை இப்பின்னைய போர்வைகளே. விற்பனைக்கென அளவொப்புடன் தைத்தவை தொழில் எனப்பட்டன. வீட்டுக்கெனத் தைத்தவை கலை எனப்பட்டன. இரண்டினையும் தைத்த கைகள் ஒரே சமூகத்தின் கைகளே. அளவொப்பை அழகின் நிரந்தர விதியாகக் கருதுவோர் இவ்வரலாற்றைச் சிந்தித்தல் நன்று.

4. முனை பொருந்தாமை

இனிப் பிரச்சினையின் கேத்திரகணித அடிப்படையை நோக்குவோம். 12 அங்குலக் கட்டமொன்றை எடுத்துக்கொண்டால், அதன் பக்கமொன்றில் ஆப்பின் அடி ஏறத்தாழ 4.97 அங்குலமாகும். அதன் இருபுறத்தும் மூலை முக்கோணிகள் 3.51 அங்குலம் வீதம் இடம்பெறும். ஆகவே மூலையிலிருந்து அளக்குமிடத்து, ஆப்பின் முனைகள் 3.51 ஆம், 8.49 ஆம் அங்குலங்களில் விழுகின்றன. இக்கட்டத்தின் அருகே இரண்டு 6 அங்குலக் கட்டங்களை வைப்போமாயின், அவற்றின் முனைகள் 1.76, 4.24, 7.76, 10.24 ஆம் அங்குலங்களிலும், அவை தம்முள் சந்திக்கும் மூலை 6 ஆம் அங்குலத்திலும் அமையும். பெரிய கட்டத்தின் எந்த முனையும் சிறியவற்றின் எந்த முனையையும் சந்திப்பதில்லை. மிக நெருங்கியவற்றுக்கு இடையிலும் முக்கால் அங்குலத்துக்குச் சற்றே குறைந்த இடைவெளி உண்டு. தைப்பவர் கண்ணுக்கு இது பெரும் பிளவாகும்.

அளவை 3:1 என்றோ 3:2 என்றோ மாற்றினால் இக்குறை நீங்குமா எனின், நீங்காது. ஒழுங்கான எண்கோணியின் முனை சதுரத்தின் பக்கத்தைப் பிரிக்கும் விகிதத்தில் இரண்டின் வர்க்கமூலம் உறைந்திருக்கின்றது. அது விகிதமுறா எண். இரு கட்டங்களின் பக்கங்கள் முழுவெண் விகிதத்தில் அமைந்து, அவை சமமாகவும் இல்லாதவிடத்து, ஒன்றின் இடைமுனை மற்றொன்றின் இடைமுனையிலோ மூலையிலோ சரியாக விழுதல் ஒருபோதும் இயலாது. எனவே இப்பொருந்தாமை தைப்பவளின் கைப்பிழையன்று. வடிவத்தின் உள்ளேயே இருக்கும் தடை. இதனை அறியாத விமர்சகர், முனை பொருந்தாத போர்வையைக் கண்டதும் திறமைக்குறைவு எனத் தீர்ப்புக் கூறுவர். அது யாப்பறியாதவர் கலிப்பாவை வெண்பாவின் இலக்கணம் கொண்டு தளைதட்டுகின்றது எனக் குற்றங்கூறுதல் போலாகும்.

இத்துடன் வேறிரு காரணிகளையும் கருதவேண்டும். கட்டம் சிறுக்கும்போது வடிவம் சிறுக்கின்றது. தையல் விளிம்போ சிறுப்பதில்லை. வழக்கமாக ஒவ்வொரு துண்டின் எல்லாப் பக்கங்களிலும் கால் அங்குலம் விடப்படும். 12 அங்குலக் கட்டத்தின் ஆப்பில், வெட்டிய துணியில் ஏறத்தாழ நான்கிலொரு பங்கு தையலுக்குள் மறைகின்றது. 3 அங்குலக் கட்டத்திலோ ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கு மறைந்துவிடும். வெளியே தெரிவதிலும் உள்ளே மறைவது மிகுதி. எட்டு முனைகளின் விளிம்புகளும் ஒரே புள்ளியில் குவிவதால் மையம் தடித்துப் புடைக்கவும் செய்யும்.

மற்றையது, துணியின் அச்சுருவும் சிறுப்பதில்லை. பெரிய ஆப்பில் முழு மலராகத் தோன்றும் ஒன்று, சிறிய ஆப்பில் ஓர் இதழின் துணுக்காகவே நிற்கும். ஆகவே சிறிய கட்டத்தைப் பெரியதன் குறுக்கம் எனக் கருதுவது தவறு. ஒரே வரைபடத்திலிருந்து பிறந்தபோதும் அவை இருவேறு பொருள்கள். தம்மை வேறு வேறாகவே கையாள வேண்டுமெனக் கோரி நிற்பவை.

5. தீர்வுகளும் அவற்றின் விலையும்

இத்தடையை எதிர்கொள்ளும் வழிகள் சில உள. ஒவ்வொன்றும் ஒன்றைப் பெற்று ஒன்றை இழக்கின்றது.

எளிய வழி, சிறிய கட்டங்களைச் சுற்றிச் சட்டத்துணி வைத்து, எல்லாவற்றையும் ஓரளவாக்கி வரிசைப்படுத்துவதாகும். பழைய வேலைகளில் எஞ்சிய, ஒன்றோடொன்று பொருந்தாத கட்டங்களைப் பயன்படுத்தும்போது இவ்வழியே பெரிதும் கையாளப்படுகின்றது. முனை பொருந்தவேண்டிய நிலையே எழாது. ஆனால் கட்டங்கள் ஒன்றையொன்று தீண்டுவதும் இல்லை. தீண்டாதவிடத்து வளையம் பிறப்பதற்கும் இடமில்லை. கலைடஸ்கோப்பின் உயிரை நீக்கி உடலை மட்டும் பேணும் தீர்வு இது.

இரண்டாவது வழி, ஒழுங்கான எண்கோணியைக் கைவிடுவது. கட்டத்தின் பக்கத்தை மூன்று சமபங்காக்கி, நடுப்பங்கை ஆப்பின் அடியாகக் கொள்வோமாயின், 12 அங்குலக் கட்டத்தின் முனைகள் 4 ஆம், 8 ஆம் அங்குலங்களில் விழும். இரண்டு 6 அங்குலக் கட்டங்களின் முனைகளும் மூலையும் 2, 4, 6, 8, 10 ஆம் அங்குலங்களில் அமையும். 4 உம் 8 உம் சந்தித்துவிடுகின்றன. இவ்விணைப்பின் பயன் பொருத்தத்தோடு நின்றுவிடுவதில்லை. பெரிய கட்டத்தின் ஆப்புக்கு நேரெதிரே, இரு சிறிய கட்டங்களின் மூலை முக்கோணிகள் அருகருகே சேர்ந்து, அதே 4 அங்குல அடியுடைய ஒரு சிறு முக்கோணியாகின்றன. இவற்றை ஒரே நிறத்தினவாக்கினால், 6 அங்குல நீளமான ஆப்பும் 2 அங்குல உயரமான முக்கோணியும் ஒன்றாகி, காற்றில் ஏற்றும் பட்டத்தின் உருவம் தோன்றும். அளவொத்த கட்டங்கள் சந்திக்கும்போது சாய்சதுரமே தோன்றும், பட்டம் தோன்றுவதில்லை. பெரிய கட்டத்திலும் இல்லாத, சிறிய கட்டத்திலும் இல்லாத ஓர் உரு, அவற்றின் வேற்றுமையினாலேயே பிறக்கின்றது.

இதற்குரிய விலையும் உண்டு. பக்கத்தை நோக்கும் ஆப்பின் கோணம் ஏறத்தாழ 36.9 பாகையாகவும், மூலையை நோக்குவது 53.1 பாகையாகவும் மாறுகின்றன. எட்டு ஆப்புகளும் ஒத்தவை அல்லாமற் போவதால், வட்டத்தின் மயக்கம் தளர்கின்றது. மேலும், ஒரே அச்சுருவை எட்டு முறை வெட்டி மையத்தில் சேர்த்து, உண்மையான கலைடஸ்கோப்பின் தோற்றத்தைத் தரும் முறையும் இங்கு பயன்படாது. மையத்தின் நிறைவு, விளிம்பின் பொருத்தம் ஆகிய இரண்டையும் முழுமையாக ஒருசேரப் பெறுதல் முழுவெண் விகிதங்களில் இயலாது என்பது மேலே கண்ட கணிதத்தின் முடிபாகும். எதனை விட்டுக்கொடுப்பது என்பதைத் தைப்பவளே தீர்மானிக்க வேண்டும்.

மூன்றாவதான ஒரு வழியும் உண்டு. 12 அங்குலக் கட்டத்தின் அருகே 8½ அங்குலக் கட்டமொன்றையும் 3½ அங்குலக் கட்டமொன்றையும் வைத்து நோக்குவோம். இரண்டும் சேர்ந்து 12 ஆகின்றன. அவை சந்திக்கும் மூலை 8.5 ஆம் அங்குலத்திலும், பெரிய கட்டத்தின் முனை 8.49 ஆம் அங்குலத்திலும் விழும். வேறுபாடு அங்குலத்தின் அறுபதில் ஒரு பங்கிலும் குறைவு. நூலின் தடிப்பிலும் துணியின் இளக்கத்திலும் கரைந்துவிடக்கூடியது. 8½ அங்குலக் கட்டத்தின் ஒரு முனை பெரிய ஆப்பின் நடுப்புள்ளியையும் ஏறத்தாழத் தொட்டு நிற்கின்றது. ஒழுங்கான எண்கோணியும் காக்கப்படுகின்றது. கணிதம் மறுத்ததைத் துணி அனுமதிக்கின்றது எனலாம். ஆனால் இங்கு பக்கத்தின் இரு முனைகளுள் ஒன்றே மூலையைச் சந்திக்கின்றது. மற்றையது தனித்து நிற்கின்றது. சமச்சீர் போய், ஒருபுறம் சாய்ந்த ஓர் இயக்கம் வந்துவிடுகின்றது. அமைதியை விரும்புபவருக்கு இது குறை. அசைவை விரும்புபவருக்கு நிறை.

இவ்விடத்தில் நமது யாப்பு மரபை மீண்டும் நினைவுகூரலாம். நிலைமண்டில ஆசிரியப்பாவில் எல்லா அடிகளும் நாற்சீரால் இயன்றவை. இணைக்குறள் ஆசிரியப்பாவிலோ முதலடியும் ஈற்றடியும் அளவடியாக நிற்க, இடையடிகள் குறளடியாகவும் சிந்தடியாகவும் குறைந்து வரும். இலக்கணகாரர் இதனைக் குறைபாடுடைய பா எனக் கொள்ளவில்லை. தனிப்பெயர் தந்து தழுவிக்கொண்டனர். கலிப்பாவின் உறுப்பாகிய அம்போதரங்கத்தில் அளவின் குறுக்கமே அழகாகின்றது. நாற்சீர் ஈரடி இரண்டு, நாற்சீர் ஓரடி நான்கு, முச்சீர் ஓரடி எட்டு, இருசீர் ஓரடி பதினாறு என அளவு சுருங்க எண்ணிக்கை இரட்டித்துச் செல்லும். கரையை நோக்கி வரும் அலை சிறுத்துச் சிறுத்துப் பரவுவதை ஒத்தமையால் அப்பெயர் பெற்றது. 12, 6, 3 அங்குலக் கட்டங்கள் நடுவிலிருந்து விளிம்பு நோக்கிச் சிறுத்துப் பெருகும் போர்வை இவ்வமைதியையே கண்ணுக்குப் புலப்படுத்துகின்றது. அளவு வேறுபாடு ஓர் ஒழுங்கிற்கு உட்படும்போது அது பிழையாகாது, நடையாகும் என்பதே இவ்வொப்புமையால் நாம் பெறும் கருத்து.

ஒழுங்கின் மறுகோடியில், எந்த இரு கட்டங்களும் அளவொவ்வாத போர்வை ஒன்றையும் கற்பனை செய்யலாம். ஒரு சதுரத்தை ஒன்றையொன்று ஒவ்வாத சதுரங்களாகவே பிரிப்பதற்குக் குறைந்தது 21 சதுரங்கள் தேவை என்பதைக் கணினியின் துணையுடன் 1978 இல் நெதர்லாந்துக் கணிதவியலாளர் டைவஸ்ரைன் நிறுவினார். அவர் கண்ட சதுரத்தின் பக்கம் 112 அலகு. அதிலுள்ள மிகப்பெரிய சதுரம் 50, மிகச்சிறியது 2. இதனை அங்குலமாகக் கொண்டு தைக்கப் புகுந்தால், 2 அங்குலக் கட்டத்தின் ஆப்பு முக்கால் அங்குலத்தைச் சற்றே விஞ்சிய அடியை உடையதாகும். கால் அங்குல விளிம்புகள் அதனை விழுங்கிவிடும். கணிதத்தில் முழுநிறைவானது துணியில் ஏறத்தாழ இயலாததாகின்றது. கலைஞர் இயங்குவது இவ்விரு எல்லைகளுக்கும் இடையிலேதான்.

6. ஒரு கலைஞரின் விடை

நியூ யோர்க் நகரின் பிறொங்ஸ் பகுதியைச் சேர்ந்த போலா நாடல்ஸ்ரேண் கலைடஸ்கோப்புப் போர்வையைத் தம் வாழ்நாட் பணியாகக் கொண்டவர். அமெரிக்க நாட்டார்கலை நூதனசாலை 2009 இல் அவருடைய ஆக்கங்களுக்கெனத் தனிக் கண்காட்சி ஒன்றை நடத்தியது. சமச்சீரான அச்சுருக்கள் கொண்ட துணியை நுணுகித் தெரிந்து, ஒவ்வோர் ஆப்பையும் பல சிறு துண்டுகளால் ஆக்கி, ஒரு துண்டின் அச்சுரு அடுத்த துண்டினுள் தொடர்ந்து செல்வதுபோலத் தோன்றச் செய்வது அவரது முறை. தையல் எங்கே என்று கண்ணாற் காண்பது அரிது.

அளவொவ்வாமைப் பிரச்சினைக்கு அவர் தரும் விடை புதுமையானது. தையல்வரை மறைந்துவிடுமாயின், கட்டத்தின் எல்லையும் மறையும்; எல்லை மறைந்தபின் பெரியதும் சிறியதும் ஒன்றாக நிற்பதற்குத் தடை யாது? அவருடைய ஆக்கங்கள் பலவற்றில் பெரிதும் சிறிதுமான சுழல்கள், வானில் ஒளிரும் பொருள்கள்போல, ஒருங்கே விளங்குகின்றன. இது பெருஞ்சாதனையே. எனினும், ஓர் இழப்பையும் நாம் சுட்டவேண்டும். இங்கு ஒவ்வொரு சுழலும் தன்னளவில் முற்றுப்பெற்றது. பழைய கட்டப்போர்வையில் இரு கட்டங்களுக்கு இடையே, எவருக்கும் உரியதாகாமல் எழுந்த வளையம் இங்கு எழுவதில்லை. பழைய வடிவம் உறவினால் பெற்ற அழகை, இது தனிமையின் நிறைவினாற் பெறுகின்றது. நாடல்ஸ்ரேண் பிரச்சினையைத் தீர்த்தார் என்பதிலும் அதனைக் கடந்து சென்றார் என்பதே பொருந்தும்.

7. விமர்சனத்தின் இரு குறைபாடுகள்

1971 இல் விற்னி நூதனசாலையில் யொனதன் ஹோல்ஸ்ரைனும் கேல் வான் டெர் ஹூஃபும் தொகுத்த ஒட்டுப்போர்வைகள் காட்சிக்கு வைக்கப்பட்டன. போர்வை படுக்கையினின்று எழுந்து நவீன ஓவியத்துக்குரிய வெண்சுவரில் ஏறிய நிகழ்ச்சி அது. அக்காலத்து அருவ ஓவியங்களுடன் அவை ஒப்பிட்டுப் புகழப்பட்டன. ஆனால் 1973 இல் பற்றீசியா மெயினாடி எழுதிய கட்டுரை இந்நோக்கினைக் கடுமையாக எதிர்த்தது. போர்வைகள் தற்செயலாக ஓவியத்தை ஒத்தவை அல்ல. தாம் செய்வது யாதென அறிந்த பெண்களின் கலை மரபு அவை என்பது அவரது வாதம். அதே ஆண்டில் வெளிவந்த அலிஸ் வோக்கரின் ‘அன்றாடப் பயன்பாட்டுக்கு’ எனப் பொருள்படும் தலைப்புடைய சிறுகதையிலும் இப்பிரச்சினை வருகின்றது. பாட்டியின் போர்வைகளைச் சுவரில் மாட்டுவதற்கெனக் கேட்கும் மூத்த மகளுக்குக் கொடாது, அவற்றைப் போர்த்துத் தேய்க்கக்கூடிய இளைய மகளுக்கே தாய் கொடுத்துவிடுகிறாள்.

இன்று ஒட்டுப்போர்வை பற்றிய மதிப்பீடுகளில் இரு போக்குகளை அவதானிக்கலாம். ஒன்று, போட்டிகளில் நடுவர்கள் கைக்கொள்ளும் நுட்ப மதிப்பீடு. முனைகள் பொருந்தியுள்ளனவா, தையல் சீராக உள்ளதா என்பனவே அதன் முதன்மை வினாக்கள். மற்றையது, நூதனசாலை சார்ந்த ஓவிய மதிப்பீடு. நிறத்தின் துணிவும் பரப்பின் வீச்சுமே அதற்குப் பெரிது. முன்னையது கையை மட்டும் காண்கின்றது. பின்னையது கண்ணை மட்டும் காண்கின்றது. கைக்கும் கண்ணுக்கும் இடையே நிகழும் சிந்தனையை இரண்டும் தவறவிடுகின்றன.

அளவொவ்வாக் கட்டங்கள் கொண்ட போர்வையில் இத்தவறு வெளிப்படையாகின்றது. நுட்ப மதிப்பீட்டாளர் பொருந்தாத முனையைக் கண்டு புள்ளியைக் குறைப்பார். அம்முனை பொருந்த இயலாதது என்பதையோ, அதனைப் பொருத்துவதற்கு எண்கோணியைத் தியாகம் செய்யவேண்டும் என்பதையோ, தைத்தவள் இரண்டையும் எடைபோட்டு ஒன்றைத் தெரிந்தாள் என்பதையோ அவர் கணக்கில் எடுப்பதில்லை. ஓவிய மதிப்பீட்டாளர் அதே முனையைக் கண்டு கட்டற்ற இயல்பூக்கம் எனப் புகழ்வார். அப்புகழும் தைத்தவளின் தெரிவை மறுப்பதே. திட்டமிட்டுச் செய்ததை இயற்கையாக நேர்ந்தது என்று கூறுதல், சிந்தித்தவளைச் சிந்தியாதவள் ஆக்குதலன்றோ? பெண்களினதும், கறுப்பின மக்களினதும், உழைப்பாளரினதும் ஆக்கங்களைப் பற்றிப் பேசுமிடத்து இயல்பூக்கம் என்னும் சொல் அடிக்கடி வந்து விழுவது தற்செயலானதன்று.

சூசன் கிளாஸ்பெல் 1916 இல் எழுதிய ‘அற்பங்கள்’ எனப் பொருள்படும் ஓரங்க நாடகத்தை இங்கு குறிப்பிடுதல் பொருந்தும். கொலையொன்றை ஆராய வந்த ஆண்கள், அவ்வீட்டுப் பெண் தைத்துக்கொண்டிருந்த போர்வையைப் பற்றிப் பேசும் பெண்களை நகைத்து அப்பாற் செல்கின்றனர். பெண்களோ ஒரு கட்டத்தில் தையல் திடீரெனச் சீர்குலைந்திருப்பதைக் கண்டு, அவள் மனநிலையை வாசிக்கத் தொடங்குகின்றனர். ஒட்டுப்போர்வை விமர்சனத்துக்கு வேண்டப்படுவது இவ்வாசிப்பே. அது சீர்மையைப் புகழ்வதுமன்று, சீர்குலைவைப் புகழ்வதுமன்று. இவ்விடத்தில் இது ஏன் இவ்வாறு அமைந்தது என வினவுவது.

8. முடிவுரை

கலைடஸ்கோப்புப் போர்வையில் அளவொவ்வாக் கட்டங்களை இணைத்தல் வடிவத்தைச் சிதைப்பதன்று. வடிவத்தின் மறைந்திருந்த முரணை வெளிக்கொணர்வது என்பதனை மேலே கண்டோம். மையத்தின் ஒழுங்கும் விளிம்பின் பொருத்தமும் அளவொத்த கட்டங்களில் இயல்பாகவே இணங்கிவிடுவதால், அங்கு தெரிவுக்கு இடம் குறைவு. அளவு வேறுபட்டதும் அவ்விணக்கம் குலைகின்றது. தைப்பவள் ஒன்றைக் காத்து ஒன்றை விடவேண்டியவளாகின்றாள். அவளது கலை வெளிப்படுவது அத்தெரிவிலேயே. ஆகவே இத்தகைய போர்வையை மதிப்பிடப் புகுவோர், பெரிய கட்டமும் சிறிய கட்டமும் சந்திக்கும் விளிம்பை முதலில் நோக்குதல் வேண்டும். அங்கு சட்டத்துணியால் விலக்கி வைக்கப்பட்டுள்ளனவா, எண்கோணி விட்டுக்கொடுத்துள்ளதா, முனை விலகியும் நிறம் அவ்விலகலை ஏற்றுக்கொண்டுள்ளதா, புதிய உரு ஏதும் பிறந்துள்ளதா என்பன கேட்கத்தக்க வினாக்கள். இவற்றுக்கு விடைகாணாது கூறப்படும் புகழும் இகழும் ஒருங்கே பயனற்றவை.

அளவொத்தவையே ஒன்றுசேரத் தக்கவை என்னும் எண்ணம் வசதியானது, வேலையை எளிதாக்குவது. ஆனால் பெரிதும் சிறிதும் தத்தம் அளவு குன்றாது அருகருகே நிற்கும்போது, இரண்டிலும் முன்னில்லாத ஓர் உரு அவற்றின் நடுவே தோன்ற இயலும் என்பதை அந்தப் பட்டவடிவம் எமக்கு உணர்த்துகின்றது. அதனைத் தோற்றுவிக்க இரு தரப்பும் தம் கோணங்களைச் சிறிது மாற்றிக்கொள்ள நேர்ந்தது என்பதும் உடன் நினையத்தக்கது.